றெக்ஸ் சும்மா போக நினைத்த பயணம்

எங்கள் ஜீப் பத்தொன்பது வருடம் ஒரே நேரத்தில் நான்கு இடங்களில் இருந்தது. அற்புதம் ஒன்றும் இல்லை. என் புருஷன் றெக்ஸ் அதைக் கழற்றி நான்கு இடங்களில் ஒளித்து வைத்திருந்தார்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது, ஓடுகிற வாகனம் வைத்திருந்தவன் வாசலில் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்தாரும் மாறி மாறி வந்து நின்றார்கள். ஒரு பக்கம் கேட்டு எடுக்கும், மறு பக்கம் கேட்காமல் எடுக்கும். போனது திரும்பி வராது என்பதில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒற்றுமை இருந்தது. அது றெக்ஸின் அப்பா விட்டுப்போன ஐம்பத்தெட்டாம் ஆண்டு லாண்ட் றோவர். வெள்ளிக்கிழமை காலையில் கழற்றத் தொடங்கியவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடிக்கும்போது முடித்துவிட்டு, கை நிறைய எண்ணெய்க் கறுப்போடு கோயிலுக்கு வந்தார்.

இஞ்சின் மண்டூருக்குப் போனது. அங்கே தங்கராசா என்று ஒரு கூட்டாளி, வயலும் உண்டு, தோணியும் உண்டு. நெல் மூட்டைகளுக்கு அடியில் அதைப் போட்டு மூடிவிட்டார். கியர்பொக்ஸ் காத்தான்குடியில் முஹம்மட்டின் பழைய இரும்புக் கடைக்குள் ஆயிரம் இரும்போடு இரும்பாகக் கிடந்தது. அடிச்சட்டமான சஸியைக் கல்லடியில் எங்கள் வளவில், கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்தோம். பின்சில்லுகளைச் சுற்றவைக்கிற அக்ஸில் தண்டுகள் இரண்டையும் சாக்கில் சுற்றி, கடற்கரையோர டச்பாரில் றெக்ஸின் அக்கா பிறெண்டா தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள். அந்த நாட்களில் தமிழன் காத்தான்குடிக்குப் போக மாட்டான், முஸ்லிம் மண்டூருக்குப் போக மாட்டான். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழியில் வந்த எங்களைப் போன்ற பறங்கியைச் சந்தேகப்பட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஜீப்பின் பின்கதவு பத்தொன்பது வருடம் என் குசினிக் கதவாக இருந்தது. அதைத் திறந்து மூடித்தான் நான் சோறு ஆக்கினேன்.

ஊரில் றெக்ஸை யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை, ‘பறங்கி மெக்கானிக்’ என்றால் சின்னப் பிள்ளையும் எங்கள் கேற்றைக் காட்டும். நல்ல வேலைக்காரர். கெட்ட பழக்கம் என்று சொன்னால் ஒன்றுதான்: இல்லை என்று சொல்ல வராது. ‘புதைஞ்சு போச்சு, ஒருக்கா வந்து பாருங்க’ என்று யாராவது வந்து நின்றால் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஆமிக்காரனின் ட்ரக்கைத் தூக்கிவிட்டிருக்கிறார். இயக்கத்தின் ட்ரெக்டரைத் தூக்கிவிட்டிருக்கிறார். தூக்கிவிட்ட பிறகு இரண்டு பேரும் அவரைச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் குணத்தின்மேல் எனக்கு முப்பது வருடமாகக் கோபம்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கேட்டால் சிரிப்பு வரும். எங்கள் றோட்டால் வாகன வரிசை போனால் கேற்றில் வந்து நின்று பார்ப்பார். ஆமி வரிசை, செஞ்சிலுவை வரிசை, நிவாரண லொறி வரிசை. வரிசை போனாலே ஊரில் எங்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நாங்கள் உள்ளே போய்விடுவோம். இவர் மட்டும் ஒருநாள், “மவுறீன், நானும் ஒருநாளைக்கு இப்பிடி வரிசையில போகணும். ஒரு காரியமும் இல்லாம, சும்மா” என்றார்.

அந்தச் ‘சும்மா’வை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கல்லடிப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் இருபது வருடம் ஒரே கேள்விதான்: எங்கே போகிறாய், என்னத்துக்கு? ஆஸ்பத்திரிக்கு. செத்தவீட்டுக்கு. சாமான் வாங்க. வேலைக்கு. ஏதாவது ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். ‘சும்மா’ என்று சொன்னவனை இறக்கி வெயிலில் நிற்பாட்டி வைப்பார்கள். சும்மா என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் றெக்ஸ் கேட்டது.

பிறகு இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு கடல் வந்தது. யேசு பிறந்த நத்தார் அன்று டச்பாரில் பிறெண்டா வீட்டில் ஆடிப் பாடிவிட்டு இரவே கல்லடிக்குத் திரும்பியிருந்தோம். மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் வந்து நின்றுவிட்டுப் போனது. டச்பாரில் வீடே இல்லை. பிறெண்டாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தோம். அடக்கம் முடிந்த பிறகும் றெக்ஸ் தினமும் மண்வெட்டியோடு அங்கே போனார். என்னத்தைத் தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை. பதினோராம் நாள் சாக்கோடு ஒரு தண்டு மண்ணுக்குள் அகப்பட்டது, நீளமானது. கட்டையான மற்றதைக் கடல் கொண்டுபோய்விட்டது. சாக்கில் பிறெண்டா கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சண்டை முடிந்த வருடம் துண்டுகளைச் சேர்த்து ஜீப்பைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார். தங்கராசா இஞ்சினைத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தார், இடுக்கெல்லாம் நெல் உமி. எனக்கு ஒழுங்கான குசினிக் கதவு வந்தது. தொலைந்த தண்டுக்குப் பதிலாக முஹம்மட் எங்கேயோ தேடி ஒன்று எடுத்துத் தந்தார். நீளத் தண்டுக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. பிறெண்டாவின் தண்டை எண்ணெய் போட்டுத் துடைத்து றெக்ஸ் பூட்டப் போனபோது முஹம்மட் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“மச்சான், இது உப்புத் தின்ட இரும்பு. நீ தனிய ஓடு, ஒண்ணும் செய்யாது. ஆனா ஒண்டையும் கட்டி இழுத்திராத. நல்லதொண்டு கிடைக்கும் வரைக்கும் பொறன்.”

“அக்கா வைச்சிருந்தது. இரிக்கட்டும்” என்றார் றெக்ஸ்.

புத்தியுள்ள மெக்கானிக் இப்படிச் செய்ய மாட்டான். மற்றவர்களின் வாகனத்தில் இப்படி ஒரு தண்டைக் கண்டால் தூக்கி எறிந்துவிட்டு வாயும் பேசுவார். தன்னுடையதில் பூட்டினார்.

அடுத்த வருடம் ஓகஸ்டில் றிக்கி வந்தார். கொழும்பில் ஒரு ஜீப் கழகத்தின் செயலாளர். தெற்குக் கரையோரத்தால் பாசிக்குடாவுக்குப் போகும் வழியில் ஜீப் சூடாகி எங்கள் கராஜில் கொண்டுவந்து நிற்பாட்டினார். அவரும் பறங்கிதான், ஆனால் கொழும்புப் பறங்கி. அவர்கள் வீட்டில் இங்கிலீஷ், எங்கள் வீட்டில் தமிழ். எங்கள் ஆட்களை அவர்கள் ‘மெக்கானிக்’ என்றுதான் சொல்வார்கள், ஆயுளில் இரும்பைத் தொடாதவனையும் சேர்த்து. றிக்கி இங்கிலீஷில் சொன்னவற்றை நான் தமிழில் எழுதுகிறேன்.

அவர் லாண்ட் றோவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நவம்பர் கடைசியில் கழகத்தோடு வந்து மட்டக்களப்பு ஏரிக்கரையில் சனி ஞாயிறு கூடாரம் அடிக்கப் போவதாகவும், மேற்குக் கரையான படுவான்கரைப் பாதைகள் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றும் சொன்னார். எங்களுக்கு அது ஆறு, எழுத்தில் வாவி. அவர்களின் வரைபடத்தில் ஏரி. மழைக்காலத்தில் யாராவது கூடாரம் அடிப்பார்களா என்று நான் கேட்டேன். “சேற்றுக்காகத்தானே வருகிறோம்” என்று றிக்கி சிரித்தார்.

“என்ட ஜீப்பில வரலாமா? கழகத்தில சேர்ந்து?” என்று றெக்ஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார். அவர் தனக்கென்று ஒன்று கேட்டதை நான் கண்டது அன்றுதான்.

றிக்கி விதியைச் சொன்னார். ஒரு பயணம் முழுக்க, தொடங்கிய இடத்திலிருந்து திரும்ப அந்த இடம்வரைக்கும், யாரும் கட்டி இழுக்காமல் சொந்தச் சில்லில் ஓடி முடிக்கிற வாகனம் கழகத்தில் சேரும். முன் பம்பரில் பூட்ட ஒரு பித்தளைத் தகடு கொடுப்பார்கள். “தாராளமாக வாருங்கள். குடும்பத்தோடு வாருங்கள்” என்றார்.

அன்று பின்னேரமே றெக்ஸ் பம்பரில் தகட்டுக்கு இரண்டு ஓட்டை துளைத்துவிட்டார். நான் எனக்கென்று நீலப் பூப்போட்ட சட்டை ஒன்று தைத்தேன். இரண்டு லவ் கேக் போட்டேன். குடும்பத்தோடு என்று சொன்னார்கள் அல்லவா.

பயணம் டவுன் பக்கத்துப் பாலத்தடியில் தொடங்குவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமையே ஜீப்பைக் கழுவி, டவுன் கோயிலுக்குக் கொண்டுபோய், ஃபாதரைக் கொண்டு தீர்த்தம் தெளிப்பித்து, கோயில் வளவில் விட்டுவிட்டு வந்தோம். போகும்போது சாவடியில் என்னத்துக்கு என்று கேட்டார்கள். “கோயிலுக்கு” என்றார் றெக்ஸ். பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்குச் சொல்லுவன்” என்றார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை கழகத்தின் எட்டு ஜீப், எங்களோடு ஒன்பது. வழிகாட்டி என்பதால் நாங்கள் முன்னால் போவோம் என்று இருந்தோம். றிக்கி வந்து எங்கள் புகை பின்னால் வருகிறவர்களுக்குத் தொந்தரவு என்று கடைசிக்கு அனுப்பினார். “சந்தி வந்தால் போனில் சொல்லுங்கள்” என்றார். இடம் இருக்கிறதுதானே என்று ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, சட்டி பானை எல்லாம் எங்கள் ஜீப்பில் ஏறின. என் சட்டையில் ஐஸ் தண்ணீர் சொட்டியது. றெக்ஸ் காணாதது போல் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாலம் தாண்டிச் சாவடி. றெக்ஸ் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டித் தயாராக இருந்தார். கொழும்பு நம்பர் பிளேட் எட்டும் முன்னால் போனதைப் பார்த்த சிப்பாய், எங்களையும் போ போ என்று கையைக் காட்டினான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

“கேக்கவும் இல்லையே” என்றார் றெக்ஸ்.

“கேக்காட்டி நல்லதுதானே” என்றேன்.

காத்தான்குடியில் முஹம்மட் கடை வாசலில் நின்று கையைக் காட்டினார். பிறகு தண்டு இருக்கும் பின்பக்கத்தைச் சுட்டி, விரலை ஆட்டி எச்சரித்தார். களுவாஞ்சிகுடியால் திரும்பி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, வெல்லாவெளியால் மண்டூர்ப் பக்கம். இரண்டு பக்கமும் வட்டை வட்டையாக விதைத்த வயல் முளைத்துப் பச்சையாக நின்றது. வளைவுகளில் எங்களுக்கு முன்னால் எட்டு ஜீப்பும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் றெக்ஸ் எண்ணினார். எண்ணி முடித்து, “நாம ஒம்பதாவது” என்பார். ஐஸ் தண்ணீரையும் மறந்து எனக்குச் சிரிப்பு வந்தது. நேர்மையாகச் சொன்னால் அந்த ஒரு மணித்தியாலம் நல்ல மணித்தியாலம்.

கரையில் இறங்கியதும் றிக்கியின் மனுசி என்னிடம் வந்தாள். கழகத்துப் பெண்கள் எல்லோரும் கதிரை போட்டு இருந்தார்கள். எனக்கும் ஒரு கதிரை காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அடுப்புக்குக் கல் வைத்திருந்த இடத்தைக் காட்டினாள். பதினெட்டுப் பேருக்குச் சாப்பாடு, உறைப்புக் குறைவாக. லவ் கேக்கை எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். எந்தக் கடையில் வாங்கியது என்று ஒருத்தி கேட்டாள். மட்டக்களப்பில் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல.

றெக்ஸ் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார், ஒவ்வொருவருக்கும்.

பின்னேரம் தங்கராசா தோணியில் மீன் கொண்டுவந்தார். மீனை என்னிடம் தந்துவிட்டு, கரையை ஒருமுறை பார்த்துவிட்டு, றெக்ஸைக் கூப்பிட்டார்.

“நேத்து ஆத்துவாய் வெட்டியாச்சு மச்சான். விடிய தண்ணி இறங்கி வெறுந் தரையாக் கிடக்கும். மேலால பாய் விரிச்ச மாதிரி இரிக்கும். நம்பி இறங்கிராதீங்க. உள்ளுக்க இடுப்பளவு சேறு. மாடும் இறங்காது.”

மழைக்கு ஆறு பெருகி வயலுக்குள் ஏறத் தொடங்கினால், கடலை மறித்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் ஓடிக் கடலில் விழும், கரை திடீரென்று நூறு யார் தூரம் தள்ளிப்போகும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கொழும்பு வரைபடத்தில் மட்டும் ஏரிக்கரை எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும்.

றெக்ஸ் போய் றிக்கியிடம் சொன்னார். நல்ல நிதானமாக, கையால் ஆழம் காட்டிச் சொன்னார். நான் மீன் வெட்டிக்கொண்டே கேட்டேன். றிக்கி அவர் தோளில் தட்டி, “றெக்ஸ், நாங்கள் இருபது வருடமாகச் சேற்றில் ஓடுகிறோம்” என்றார். றெக்ஸ் இன்னொரு முறையும் சொன்னார். றிக்கி தங்கராசாவைத் திரும்பிப் பார்த்து, இவருக்கு ஜீப் இருக்கிறதா என்று கேட்டார்.

ஞாயிறு காலை தங்கராசா சொன்னபடியே இருந்தது. தண்ணீர் தூரத்தில் ஒரு கோடு. இடையில் சாம்பல் நிறத்தில் மழமழவென்று ஒரு மைதானம். முதலாவதாக றிக்கிதான் இறங்கினார். விசில் அடித்துக்கொண்டு எண்பது யார் தூரம் போனார். பிறகு ஜீப் மெல்ல இருந்துகொண்டது, களைத்த எருமை இருப்பது போல. அவரை இழுக்கப் போன இரண்டு பேர் புதைந்தார்கள். அந்த இரண்டு பேரை இழுக்கப் போன மூன்று பேரும் புதைந்தார்கள். எல்லோரிடமும் கம்பியைச் சுற்றி இழுக்கிற வின்ச் இருந்தது, ஆனால் அதைக் கட்டுவதற்கு ஆற்றுக்குள் மரம் ஏது. கரையில் மிஞ்சிய இரண்டு பேரும், தங்கள் ஜீப் புதிது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மேற்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அங்கே மழை என்றால் பின்னேரம் தண்ணீர் இங்கே திரும்ப ஏறும். ஊர் ட்ரெக்டர்கள் இரண்டும் உடைந்த வரம்பு கட்ட தூரத்து வயல் வட்டைக்குப் போயிருந்தன, இருட்டுக்கு முன் வராது. தங்கராசா இதைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் றெக்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் நாள் அவர் பேசியபோது யாரும் இப்படிப் பார்க்கவில்லை.

நான் அடுப்படியிலிருந்து எழுந்து போனேன்.

“றெக்ஸ், இழுக்கப் போறீங்களா? முஹம்மட் சொன்னது ஞாபகம் இரிக்கா?”

“இரிக்கு.”

“தண்டு போனா நம்ம தகடும் போகும். நீங்க நேத்தே சொன்னீங்க, கேட்டாங்களா? இருட்டுக்கு ட்ரெக்டர் வரும். பொறுத்துப் போகட்டும்.”

“தண்ணி ஏறினா இஞ்சின் ஆறும் செத்துப் போகும், மவுறீன்.”

“அவங்கட இஞ்சின்.”

“இஞ்சின் இஞ்சின்தானே” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த அகப்பையை மண்ணில் எறிந்தேன். அவர் அதை எடுத்துத் துடைத்து என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

தங்கராசா கரைவலைக் கயிறு கொண்டுவந்தார். றெக்ஸ் லாண்ட் றோவரைக் கெட்டித் தரையில் நிற்பாட்டி, கரையில் நின்ற மருத மரத்தில் கப்பியைப் போட்டு, சில்லுகளுக்கு முன்னால் ஓலையும் பலகையும் பரப்பி, கிட்ட இருந்த ஜீப்பிலிருந்து தொடங்கினார். முறுக்கி இழுப்பதில்லை. மெல்ல எடுத்து, நின்று, காது கொடுத்துக் கேட்டு, திரும்ப எடுப்பார். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. வந்தவர்கள் அந்தப் பக்கம் போய் ஜீப்பைக் கழுவத் தொடங்கினார்கள். ஒருவன்கூட வந்து பலகை பிடிக்கவில்லை. ஐந்தாவதை எடுத்தபோது பின்பக்கம் டக் என்று ஒரு சின்னச் சத்தம். எனக்கே கேட்டது. றெக்ஸ் இறங்கி, பின்சில்லின் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மிஞ்சியது றிக்கியின் ஜீப், எல்லாவற்றிலும் தூரத்தில், எல்லாவற்றிலும் பாரம். தண்ணீர்க் கோடு அதற்குப் பத்து யார் தூரத்துக்குள் வந்துவிட்டது. றிக்கி இடுப்பளவு சேற்றோடு வந்து நின்றார். “றெக்ஸ், தயவுசெய்து” என்றார். அந்த மனிதரும் பாவம்தான், முகம் வெளுத்திருந்தது. ஆனால் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். றெக்ஸ் என்னைப் பார்த்தார், தண்டு இருக்கும் பக்கத்தைப் பார்த்தார், ஏறி இஞ்சினை எடுத்தார்.

றிக்கியின் ஜீப் வந்தது. அடி அடியாக வந்தது. முன்சில்லு கெட்டித் தரையைத் தொட்டு ஏறிய அதே நேரத்தில் எங்கள் ஜீப்புக்குள் காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. பின்சில்லுகள் நின்றுவிட்டன.

ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், றிக்கிக்கு.

மழை தூறத் தொடங்கியது. கூடாரங்களைப் பிடுங்கினார்கள். இரவுக்குள் கொழும்பு போக வேண்டும் என்ற அவசரம். றெக்ஸ் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். றிக்கி குனிந்து, “பெரிய உதவி றெக்ஸ். கட்டி இழுத்துக்கொண்டு போகவா?” என்று கேட்டார்.

“இல்ல. முன்சில்லில ஓடலாம். முறிஞ்சத எடுத்துப்போட்டு வாறன். ஒண்டரை மணித்தியாலம் தாங்க.”

“சரி, பாலத்தில் பார்ப்போம்” என்று றிக்கி போனார். ஜெனரேட்டரும் சட்டி பானையும் எங்கள் ஜீப்பில்தான் கிடந்தன. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறோம் என்றாள் அவர் மனுசி. சட்டிகள் கழுவியிருக்கவில்லை.

எட்டு ஜீப்பும் வரிசையாகப் போனதை நானும் தங்கராசாவும் நின்று பார்த்தோம்.

றெக்ஸ் முறிந்த பாதியை இலகுவாக இழுத்தெடுத்தார். உள்ளே தங்கிவிட்ட மற்றப் பாதியைக் கம்பி வளையம் போட்டு, தூண்டில் போடுகிறவனைப் போலப் பொறுமையாக எடுத்தார். முறிந்த முகத்தில் உப்பு அரித்த தவிட்டு நிறம் பாதிவரைக்கும் போயிருந்தது. இரண்டு துண்டையும் மழைத் தண்ணீரில் கழுவி என் மடியில் வைத்தார். அந்த நேரம் போன் அடித்தது. அவர் கையெல்லாம் எண்ணெய், நான் எடுத்து அவர் காதில் பிடித்தேன். றிக்கியின் சத்தம் எனக்கும் கேட்டது. பாலத்தில் பத்து நிமிடம் பார்த்தார்களாம். மழையாம். எல்லோரும் வெளிக்கிட்டுவிட்டார்களாம். முடித்ததை யாரும் காணாததால் முடிக்கவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறதாம், விதி விதிதானே. அடுத்த வருடம் வரலாமாம்.

“ஓம்” என்றார் றெக்ஸ்.

“கொஞ்சம் பொறு மச்சான், ட்ரெக்டர் வந்ததும் கட்டி இழுத்துக் கொண்டுபோய் விடுறன்” என்றார் தங்கராசா.

“இழுக்க ஒண்ணா. சொந்தச் சில்லில போகணும்.”

“ஆர் பாக்கப் போறாங்க?” என்று நான் கத்தினேன். “போயிட்டாங்க றெக்ஸ். ஒருத்தரும் இல்ல. ஆருக்குக் காட்டப் போறீங்க?”

அவர் இஞ்சினை எடுத்தார். முன்சில்லுகள் மட்டும் இழுக்க, ஜீப் முனகிக்கொண்டு மெல்ல ஏறியது. மண்டூர், வெல்லாவெளி, பட்டிருப்புப் பாலம். வளைவுகளில் முன்னால் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. காத்தான்குடியில் முஹம்மட் கடையைப் பூட்டிக்கொண்டு நின்றார். என் மடியில் கிடந்த துண்டுகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கல்லடியில் எங்கள் கேற்று வந்தது. றெக்ஸ் திருப்பவில்லை.

“வீடு தாண்டிப் போறீங்க.”

“பாலத்துக்கு அங்காலதானே தொடங்கினம்” என்றார்.

பின்னேரம் ஐந்து மணி இருக்கும். பாலத்தடிச் சாவடியில் தடியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் பழைய மட்டக்களப்பு நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் சிப்பாய் கையை மறித்து நிற்பாட்டினான். சுற்றி வந்து, கூரைவரைக்கும் அப்பியிருந்த சேற்றையும், பின்னால் கிடந்த சட்டி பானையையும், என் நீலப் பூச் சட்டையையும் பார்த்தான். பிறகு றெக்ஸின் பக்கம் குனிந்தான். தமிழ் கொஞ்சம் பேசுகிற பையன்.

“எங்க போய் வாறது? என்னத்துக்கு?”

நான் றெக்ஸைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு இருபது வருடமாக வைத்திருந்த பதில் அவரிடம் இருந்தது. முதல் நாள் தலையை நீட்டிக்கொண்டு அதைச் சொல்லக் காத்திருந்தவர். சொல்லுங்களேன், இப்போதாவது சொல்லுங்களேன் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

“வேலைக்குப் போயிட்டு வாறன்” என்றார் றெக்ஸ்.

சிப்பாய் சரி என்று தடியைத் தூக்கினான்.